சீலியாக் நோய்: வயதுதோறும் மாறும் அறிகுறிகள்

1950-51ஆம் ஆண்டில் நமது நாட்டின் கோதுமை உற்பத்தி ஏறத்தாழ 65 லட்சம் டன்னாக இருந்தது. 2023-24ஆம் ஆண்டில் அது 11 கோடி டன்னைத் தாண்டியது. அயல்நாட்டுக் கப்பல்களின் வரவை எதிர்நோக்கியிருந்த நிலை மாறி, நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, பள்ளி மதிய உணவு ஆகிய மூன்று வழிகளிலும் கோதுமை ஏழைக் குடும்பங்களைச் சென்றடைகிறது. சுதந்திர இந்தியாவின் சாதனைகளுள் இது தலையாயது என்பதில் ஐயமில்லை.

எனினும், பொதுத் திட்டம் எதுவாயினும் அது பெரும்பான்மையோரின் தேவையை மனத்திற்கொண்டே வகுக்கப்படுகிறது. பெரும்பான்மையிலிருந்து உடலமைப்பால் வேறுபட்டு நிற்கும் சிலருக்கு அதே திட்டம் தீங்காக முடிவதும் உண்டு. வடமாநிலங்களில் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றரை வயதுக் குழந்தையொன்றின் எடை நான்கு மாதங்களாக ஏறவில்லை. வயிறு பருத்தும் கைகால்கள் சூம்பியும் காணப்படுகின்றன. அங்கன்வாடிப் பணியாளர் வளர்ச்சி அட்டையைப் பார்க்கிறார். ஊட்டக் குறைவு என்று பதிவு செய்கிறார். விதிப்படி கூடுதல் உணவு வழங்குகிறார். அக்கூடுதல் உணவு கோதுமை மாவாலோ உடைத்த கோதுமையாலோ ஆனது. குழந்தையின் நோய்க்குக் காரணமே கோதுமைதான் எனில், அளிக்கப்படும் பரிகாரமே நோயை வளர்க்கிறது. பணியாளர் தம் கடமையில் தவறவில்லை, விதியும் தவறானதன்று. இடையில் விடுபட்டுப் போனது நோயை அடையாளம் காணும் ஒரு படி மட்டுமே. அந்தப் படியைப் பற்றியதே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, ரை என்னும் மூன்று தானியங்களில் குளூட்டன் எனப்படும் புரதத் தொகுதி உள்ளது. கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுபட்டு ஒட்டும் தன்மை பெறுவதற்கு இப்புரதமே காரணம். பெரும்பாலோர் உடலில் இது எவ்விதத் தொல்லையையும் உண்டாக்குவதில்லை. மரபுவழியில் குறிப்பிட்ட ஓர் அமைப்பைப் பெற்ற சிலருடைய உடலில் மட்டும், நோய் எதிர்ப்பு ஆற்றலானது இப்புரதத்தைப் பகையாகக் கருதி எழுகிறது. அந்த எதிர்ப்பு, உணவை மட்டுமின்றி உடலின் சொந்தக் குடல் திசுவையும் தாக்குகிறது.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. உண்ட உணவின் சத்து இரத்தத்தில் சேருவது இவற்றின் வழியாகத்தான். சீலியாக் நோயில் இவ்வுறிஞ்சிகள் படிப்படியாகக் குறுகித் தட்டையாகிவிடுகின்றன. பரப்பு குறைவதால் சத்து உறிஞ்சப்படுவதும் குறைகிறது. இரும்பு, சுண்ணாம்பு, ஃபோலிக் அமிலம் ஆகியவை பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுகின்றன. நோய் முதலில் தாக்குவதும் அப்பகுதியையே. இரத்தசோகையும் எலும்பு நலிவும் இந்நோயில் அடிக்கடி காணப்படுவதன் காரணம் இதுவே. வயிற்றுத் தொல்லை ஏதுமின்றி இவை மட்டுமே தோன்றுவதும் உண்டு.

மக்கள் வழக்கில் இதனைக் கோதுமை ஒவ்வாமை என்பர். அது பொருத்தமான பெயரன்று. ஒவ்வாமையில் உணவு உண்டதும் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் போன்றவை விரைவில் தோன்றும். சீலியாக் நோயோ மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், ஓசையின்றி முன்னேறுவது. உண்ட உணவுக்கும் உடல் நலிவுக்கும் உள்ள தொடர்பு நோயாளிக்கே புலப்படாமற் போவது இதனால்தான்.

இத்தொடர்பை மருத்துவ உலகம் கண்டறியவும் நெடுங்காலம் பிடித்தது. 1888ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். குணப்படுத்த வழி உண்டெனில் அது உணவு வழியாகவே இருக்க முடியும் என்று அவர் கருதினார். ஆனால், எந்த உணவு என்பது அவருக்குப் புலனாகவில்லை. நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930களிலேயே கோதுமையின் மீது ஐயம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதாயிற்று. நாடே பசியால் வாடிய அக்காலம் அவருடைய ஐயத்துக்கு வலுவூட்டிற்று. 1950ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆய்வேடு, நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டிற்று.

இந்தியாவில் பரவல்

இது ஐரோப்பியரின் நோய் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. 1966ஆம் ஆண்டிலேயே வட இந்தியக் குழந்தைகளிடையே இந்நோய் காணப்படுவது குறித்து நம் நாட்டு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். ஆயினும், இது அரிதன்று என்பது உறுதிப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. லூதியானா பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, 310 பேரில் ஒருவருக்கு நோய் இருப்பதாகக் கண்டது. டெல்லி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி ஏறத்தாழ 96 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது.

2016இல் வெளியான ஆய்வொன்று நாட்டின் மூன்று பகுதிகளைச் சேர்ந்த 23,331 வயதுவந்தோரைச் சோதித்தது. நோய் உள்ளோர் எண்ணிக்கை ஆயிரத்துக்கு வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11 என இருந்தது. ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் கோதுமையின் சராசரி அளவு வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம். நோய்க்கு இடந்தரும் மரபணு அமைப்பு உடையோரின் விகிதமோ வடக்கில் 38.1 சதவீதம், வடகிழக்கில் 31.4 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம்.

இவ்விவரங்களிலிருந்து மாணவர்கள் இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, மரபணு அமைப்பு மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. வடக்கிலும் தெற்கிலும் அது ஏறத்தாழச் சமமாக இருந்தும் நோயின் பரவல் பெரிதும் வேறுபடுகிறது. இரண்டாவது, கோதுமையின் அளவு மட்டுமே முழு விளக்கம் ஆகிவிடாது. வடகிழக்கில் கோதுமை உணவு குறைவாக இருந்தும் நோய் கணிசமாக உள்ளது. மரபும் உணவும் கூடியே நோயைத் தீர்மானிக்கின்றன.

நிர்வாகக் கணக்கில் இதன் பொருள் என்ன? வடமாநிலம் ஒன்றில் 20 லட்சம் வயதுவந்தோர் வாழும் மாவட்டத்திற்கு ஆயிரத்துக்கு 8.53 என்னும் விகிதத்தைப் பொருத்தினால், ஏறத்தாழ 17,000 பேர் நோயுடையோராக இருப்பர். குழந்தைகள் இக்கணக்கில் சேரவில்லை. இத்தனை பேரில் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே வேறு பெயர்களில் மருத்துவம் செய்துகொண்டிருப்பர். அவர்களை எவ்வாறு இனங்காண்பது என்பதே வினா. விடை நோயாளியின் வயதைப் பொறுத்தது.

கைக்குழந்தைப் பருவம்: 6 மாதம் முதல் 2 வயது வரை

தாய்ப்பாலுடன் திட உணவு தொடங்கி, அதில் கோதுமை சேர்ந்த சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின் நோய் வெளிப்படக்கூடும். பாடநூல்கள் விவரிக்கும் முழுவடிவை இப்பருவத்தில்தான் காணலாம்: ஓயாத வயிற்றுப்போக்கு, வெளிறிய நாற்றமுள்ள மலம், உப்பிய வயிறு, சூம்பிய தொடைகளும் பிட்டமும், பசியின்மை, வாந்தி, எதற்கும் சிணுங்கும் இயல்பு.

இங்கு வளர்ச்சி அட்டையே சிறந்த சான்று. பிறந்தது முதல் மேல்நோக்கிச் சென்ற எடைக்கோடு, ரொட்டியும் கோதுமைக் கஞ்சியும் தொடங்கிய பின் கிடையாகப் படுத்து, பின்னர்ச் சரிகிறதா என்று பார்த்தல் வேண்டும். பிறப்பிலிருந்தே எடை குறைந்த குழந்தைக்கும், நன்கு வளர்ந்து பின் தளர்ந்த குழந்தைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அட்டையில் ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகவே கருதுவார். கோட்டின் போக்கைப் பார்ப்பவரே வேறுபாட்டை உணர்வார்.

பெற்றோர் இதனைப் படித்துவிட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் கோதுமையை மறுத்துவிடலாகாது. கோதுமையைத் தாமதித்துத் தொடங்குவதால் நோய் தடுக்கப்படுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

பள்ளிப் பருவம்: 3 முதல் 10 வயது வரை

இப்பருவத்தில் வயிற்றுப்போக்கு பின்னணிக்குச் சென்றுவிடலாம். சில குழந்தைகளுக்கு அதற்கு நேர்மாறாக மலச்சிக்கல் இருக்கும். அடிக்கடி வயிற்றுவலி, வாய்ப்புண், மந்தம், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவை காணப்படலாம். முளைத்த நிலைப்பற்களின் எனாமலில் பள்ளங்களோ கோடுகளோ நிறமாற்றமோ இருபுறமும் ஒத்த பற்களில் தென்படுவது ஒரு குறிப்பு. கால்கள் வளைந்து ரிக்கெட்ஸ் நோய் போல் தோன்றுவதும் உண்டு.

ஆசிரியர் எளிதாகக் கவனிக்கக்கூடிய அடையாளம் உயரமே. வகுப்பு வரிசையில் ஆண்டுதோறும் முன்னே முன்னே நகரும் குழந்தை, தன் தம்பியோ தங்கையோ தன்னைவிட உயர்ந்துவிட்ட குழந்தை, சென்ற ஆண்டின் காலணி இந்த ஆண்டும் பொருந்தும் குழந்தை ஆகியோர் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டியவர்கள். பெற்றோர் குட்டையாயிருப்பதால் பிள்ளையும் குட்டை என்று சமாதானம் கூறுமுன், வளர்ச்சி வேகம் அளக்கப்படவேண்டும்.

வளரிளம் பருவம்: 11 முதல் 19 வயது வரை

பூப்பெய்துவதில் தாமதம், உயரக் குறைவு, சோர்வு, இரத்தசோகை ஆகிய நான்கும் இப்பருவத்தின் அறிகுறிகள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். இவர்களுள் மிகப் பெரும்பாலோரின் சோகைக்கு உணவுக் குறைவு முதலிய பிற காரணங்களே உள்ளன. இதுவே சிக்கலும் ஆகும். எங்கும் காணப்படும் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே, இங்கு கேட்க வேண்டிய கேள்வி சோகை உண்டா என்பதன்று. இரும்புச்சத்து மாத்திரையால் அது தீர்ந்ததா என்பதே. முறையாக மாத்திரை உட்கொண்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 1 கிராம் அளவேனும் உயராதவர்களை மேல்மருத்துவத்திற்கு அனுப்புவது முறை. மாத்திரையை விழுங்கவில்லை என்று மாணவியைக் கடிந்துகொள்வது எளிது. விழுங்கிய மாத்திரை குடலில் சேரவில்லை என்ற வாய்ப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பருவத்தில் நோய் உறுதியானவர்களிடமும் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நண்பர்களுடன் உண்ண வேண்டும் என்ற விருப்பத்தால் உணவுக் கட்டுப்பாடு தளர்கிறது. பெண்மக்களைப் பொறுத்தவரை, திருமணப் பேச்சில் தடை ஏற்படும் என்றஞ்சி, குடும்பமே நோயை மறைப்பதும் நிகழ்கிறது. மறைக்கப்பட்ட நோய் திருமணத்திற்குப் பின் வேறு வடிவில் வெளிப்படும்.

நடுவயது: 20 முதல் 60 வயது வரை

சீலியாக் நோய் குழந்தைகளின் நோய் என்பது பழைய எண்ணம். எந்த வயதிலும் அது தோன்றலாம். வயதுவந்தோரில் சிலருக்கே தெளிவான வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருக்கும். ஏனையோர் வெவ்வேறு சிறப்பு மருத்துவர்களின் வாயில்களில் காத்து நிற்பர். காரணம் தெரியாத சோகைக்கு ஒருவரிடமும், மகப்பேறின்மைக்கும் திரும்பத் திரும்ப நேரும் கருச்சிதைவுக்கும் மற்றொருவரிடமும், எலும்பு வலிக்கு வேறொருவரிடமும் செல்வர். கல்லீரல் நொதிகளின் அளவு காரணமின்றி உயர்ந்திருத்தல், கைகால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், ஆறாத வாய்ப்புண் ஆகியவையும் இந்நோயின் வெளிப்பாடுகளாக இருக்கலாம். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கடும் அரிப்புடன் சிறு கொப்புளங்கள் தோன்றும் ஒருவகைத் தோல் நோய் சீலியாக் நோயின் தோல்வடிவமே.

வயிற்று உப்புசம், இரைச்சல், ஒழுங்கற்ற மலப்போக்கு ஆகியவற்றுக்குக் குடலின் உணர்ச்சி மிகுதி என்றோ மனக்கவலை என்றோ பெயரிட்டுப் பல ஆண்டுகள் கழிவதும் உண்டு. உடல் பருத்தவர்களுக்கு இந்நோய் வராது என்று விலக்கிவிடுவதும் சரியன்று.

முதுமை: 60 வயதுக்கு மேல்

முதியவர்களிடம் அறிகுறிகள் மிக மங்கலானவை. சோகை, எடைக்குறைவு, சிறு வீழ்ச்சியிலேயே எலும்பு முறிதல் ஆகியவை வயதின் இயல்பு என்று ஒதுக்கப்படுகின்றன. முதுமையில் இரத்தசோகைக்கு இரத்தக்கசிவும் புற்றுநோயும் முக்கியக் காரணங்கள் ஆதலால், அவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். அவை இல்லையென்று தெளிந்தபின் குடலின் உறிஞ்சும் திறனைப் பற்றி எண்ணுவது மருத்துவரின் கடமை. நெடுங்காலம் கவனிக்கப்படாத சீலியாக் நோயில், அரிதாயினும், சிறுகுடலில் நிணநீர்த் திசுப் புற்றுநோய் ஏற்படக்கூடும் என்பது முதுமையிலும் அலட்சியத்துக்கு இடமில்லை என்பதைக் காட்டும்.

அறிகுறியின்றியும் சோதிக்கத் தக்கவர்கள்

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோருக்கு இந்நோய் ஏற்படும் வாய்ப்புப் பிறரைவிடப் பன்மடங்கு அதிகம். முதல்வகை நீரிழிவு, தைராய்டு சுரப்பியின் தன்னெதிர்ப்பு நோய், டவுன் நோய்க்கூறு, டர்னர் நோய்க்கூறு ஆகியவை உடையவர்களும் இவ்வகையில் சேருவர். ஒரு நோயாளியைக் கண்டறிவது அக்குடும்பத்தில் மேலும் சிலரைக் கண்டறிவதற்கான வாயில் என்று கொள்ளலாம்.

சோதனையின் ஒழுங்கு

முதற்படி இரத்தச் சோதனை. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு இதில் காணப்படுகிறது. இரண்டாம் படியாக, எண்டோஸ்கோப்பு வழியே சிறுகுடலின் முற்பகுதியிலிருந்து சிறு துணுக்குகள் எடுக்கப்பட்டு நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன. இவ்விரண்டையும் நோயாளியின் நிலையுடன் இணைத்தே முடிவு கூறப்படும். குடற்காசம், ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி, வெப்பநாட்டுக் குடல் நலிவு ஆகியவையும் இதேபோன்ற தோற்றம் தரக்கூடிய நாடு நம்முடையது. ஆகவே, வயிற்றுப்போக்கையும் மெலிவையும் மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் தவறாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2016ஆம் ஆண்டில் இந்நோயைக் கண்டறிவதற்கும் பராமரிப்பதற்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

ஒரு செய்தியை இங்கு வற்புறுத்திக் கூற வேண்டும். சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் எதிர்ப்பொருளின் அளவு குறையும், குடலும் ஓரளவு ஆறத் தொடங்கும்; சோதனை, நோய் இல்லையென்று பொய்யாகக் காட்டிவிடும். அண்டை வீட்டார் சொற்கேட்டு ரொட்டியைக் கைவிட்டபின் மருத்துவமனைக்கு வருவோருக்கு நோயை உறுதிசெய்வது கடினமாகிறது. உறுதிசெய்யப்படாத நோய்க்காக வாழ்நாள் முழுதும் பத்தியம் காப்பவரும் அரிது.

உணவும் செலவும்

இந்நோய்க்கு மருந்து மாத்திரை இல்லை. குளூட்டன் கலவாத உணவை வாழ்நாள் முழுதும் உண்பதே மருத்துவம். அதனைப் பின்பற்றினால் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், பசி திரும்பும், சிறு குழந்தைகள் இழந்த வளர்ச்சியைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்வர். வளர்ச்சி முற்றுப்பெற்ற பின் கண்டறியப்பட்டவர்களுக்கு இழந்த உயரம் திரும்பாது. காலதாமதத்தின் விலை இதுவே.

விலக்க வேண்டியவை கோதுமை, மைதா, ரவை, சேமியா, உடைத்த கோதுமை, பார்லி, மால்ட் சேர்ந்த பானங்கள் முதலியன. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, மக்காச்சோளம், சவ்வரிசி, பருப்பு வகைகள், கிழங்கு, பால், முட்டை, மீன், இறைச்சி, காய்கனி ஆகியவை இயல்பாகவே குளூட்டன் அற்றவை. அரிசி உண்ணும் தமிழ்நாட்டில் இதனைப் பின்பற்றுவது ஒப்புநோக்கில் எளிது. ஆயினும், கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலக்கப்படுவது வழக்கம் என்பதை நம்மவர் பலர் அறியார். வடமாநிலங்களில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களும், சப்பாத்தியும் பரோட்டாவும் அன்றாட உணவாகிவிட்ட நகரக் குடும்பங்களும் மேற்கூறிய அறிகுறிகளை அறிந்திருப்பது பயன் தரும்.

மிகச் சிறிய அளவும் தீங்கு செய்யும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உட்கொள்ளப்படின் குடல் பாதிக்கப்படலாம் என்று ஆய்வு காட்டுகிறது. 30 கிராம் மாவில் சுட்ட ஒரு ரொட்டியில் ஏறத்தாழ இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும் எனில், அந்த ரொட்டியின் ஐம்பதில் ஒரு பங்கே இவ்வெல்லையைத் தொட்டுவிடுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் அற்றது என்று விற்கப்படும் உணவில் அதன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமை மிஞ்சலாகாது.

இக்கணக்கின் விளைவு சமையலறையில் தெரியும். கோதுமை அரைத்த மாவு இயந்திரத்திலேயே கம்பையும் சோளத்தையும் அரைத்தால், தானியம் மாறியும் நோய் மாறாது. தனிப் பலகை, தனித் தோசைக்கல், தனிப் பாத்திரம் தேவைப்படும். பொட்டலங்களில் விற்கப்படும் குளூட்டனற்ற மாவும் பிஸ்கட்டும் சாதாரணப் பண்டங்களைவிடப் பன்மடங்கு விலையுள்ளவை; கூலித் தொழிலாளியின் குடும்பம் அவற்றை நாட இயலாது. முழுத் தானியத்தை வாங்கி, கல் நீக்கிக் கழுவிக் காயவைத்து, வீட்டிலேயே சிறு இயந்திரத்திலோ கையால் சுற்றும் திரிகையிலோ அரைத்துக்கொள்வதே அவர்களுக்கு ஏற்ற வழி. அரிசியைச் சோறாக்கி உண்பதில் அரைக்கும் சிக்கலே எழுவதில்லை.

நிர்வாகத்தின் பங்கு

புதிய துறையோ புதிய கட்டடமோ இதற்குத் தேவையில்லை. இருக்கும் அமைப்புகளிடையே தொடர்பு ஏற்பட்டால் போதும். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எடையைப் பதிவு செய்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைச் சோதிக்கிறது. 2018இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் இரும்புச்சத்து மாத்திரை வழங்குகிறது. கூடுதல் உணவு பெற்றும் எடை ஏறாத குழந்தை முதல் திட்டத்தின் பதிவேட்டில் உள்ளது. மாத்திரை உண்டும் சோகை தீராத மாணவி மூன்றாவதன் பதிவேட்டில் உள்ளாள். இவ்விரு பட்டியல்களையும் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும், அங்கு எதிர்ப்பொருள் சோதனைக்கு வசதி செய்வதும் கோதுமை உணவு மிகுந்த மாவட்டங்களில் முதல் நடவடிக்கையாகும்.

அடுத்தது பங்கீடு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவுதானியம் என்பதற்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் அல்லது அவற்றின் கலவை என்றே பொருள் கூறுகிறது. முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 5 கிலோ என்னும் அளவு 2023 ஜனவரி முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. கோதுமையே பெரும்பாலும் வழங்கப்படும் மாநிலங்களில், மருத்துவச் சான்று பெற்ற நோயாளியின் 5 கிலோவை அரிசியாகவோ கம்பாகவோ மாற்றித் தருவதற்குச் சட்டத்தின் சொற்கள் தடையாக இல்லை. உரிமையளவு மாறுவதில்லை, மூட்டை மட்டுமே மாறுகிறது. இம்மாற்றம் செய்யப்படாவிடில், ஏழை நோயாளி தனக்குரிய கோதுமையை விற்று அரிசி வாங்க நேரிடும்; அல்லது, பெரும்பாலும் நிகழ்வது போல, அதனையே உண்டு நோயை வளர்த்துக்கொள்வான். அங்கன்வாடி, பள்ளி விடுதி, மருத்துவமனை உணவு ஆகியவற்றிலும் இம்மாற்றத்திற்கு இடம் வேண்டும்.

இதற்காகும் செலவைக் கணக்கிடுவோர், செய்யாமையின் செலவையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது நலம். பலனின்றி வழங்கப்படும் மாத்திரைகள், திரும்பத் திரும்ப மருத்துவமனை சேர்க்கை, குடும்பம் கடன் வாங்கிச் செய்யும் மருத்துவம், பள்ளியை இழந்த நாட்கள், முழு வலிமை பெறாத உழைப்பாளி ஆகிய அனைத்தும் நாட்டின் செலவுகளே. அவை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பில் இடம் பெறுவதில்லை என்பதால் இல்லாதன ஆகிவிடா.

முடிவுரை

சீலியாக் நோய் கைக்குழந்தையிடம் வயிற்றுப்போக்காகவும், மாணவனிடம் உயரக் குறைவாகவும், இளம்பெண்ணிடம் தீராத சோகையாகவும், நடுவயதினரிடம் மகப்பேறின்மையாகவும், முதியவரிடம் எலும்பு முறிவாகவும் வருகிறது. ஒவ்வொன்றும் நம் நாட்டில் வேறு காரணங்களாலும் மிகுதியாகக் காணப்படுவதே. எனவே ஒவ்வொன்றையும் இந்நோயென்று கருத வேண்டியதில்லை. வழக்கமான பரிகாரம் முறையாக அளிக்கப்பட்டும் பலன் தராதபோது, பரிகாரத்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் காரணத்தை மறுபடியும் ஆராய்தல் வேண்டும். இவ்வொரு பழக்கம் களப்பணியாளரிடமும் அதிகாரியிடமும் வேரூன்றினால், முதலில் கூறப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டாவது பொட்டலம் கோதுமை மாவு வழங்கப்படுவதற்கு முன், ஒரு சொட்டு இரத்தம் சோதனைக்குச் செல்லும். அக்குழந்தை வளர்வதற்கு அதுவே தொடக்கமாகும்.